மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு பிளைமவுத்: வாடகைக்கு எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் நடுவில், பெயர்ப் பலகையோ அலுவலகமோ இல்லாமல், மண்டப அலங்காரக்காரர்கள் சொல்லித்தான் தெரியவரும் ஒரு ஷெட்டிலிருந்து 1951-ஆம் வருட மாடல் பிளைமவுத் கிரான்புரூக் காரை அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்திருந்தோம். விநாயகர் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையை அழைத்து வருவதும், முகூர்த்தம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. மூன்று மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். டிரைவர் பேட்டா தனி, பெட்ரோல் அவர்களுடையது. பணத்துக்குத் தகுந்த சேவை என்றே சொல்வேன். ஆனால் எந்த வேலைக்கு எடுக்கிறோம், எந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தகுதி நிற்கும். இந்த வண்டியைச் செய்த அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியில் பிளைமவுத் என்ற பெயரில் கார் வருவது நின்று 20 வருடங்களுக்கு மேலாகிறது என்பதால், புதுக் காரை வாடகைக்கு எடுக்கும்போது யாரும் கேட்காத சில கேள்விகளை இங்கே கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. ஆறு சிலிண்டர், பக்க-வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) பெட்ரோல் எஞ்சின், 3.6 லிட்டர், 97 குதிரைத்திறன்; ஸ்டியரிங்குக்குக் கீழே மூன்று கியர் கொண்ட கை கியர்; 6 வோல்ட் பேட்டரி. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சத்தம் உள்ளே அநேகமாகக் கேட்பதில்லை. எஞ்சினை ரப்பர் மவுண்டுகள் மீது சற்றே ஆடவிட்டு உட்கார வைக்கும் முறையை 1931-லேயே பிளைமவுத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஏற்பாட்டின் பலனை இன்றைக்கும் பின் சீட்டில் உட்கார்ந்தால் உணர முடிகிறது. பின் சீட்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உருமால் (தலைப்பாகை) கட்டுவார்கள் என்பதால், இன்றைய செடான் கார்களில் தலையைக் குனிந்து, கழுத்தைச் சாய்த்து, உருமால் கூரையில் உரசிக் கலையாமல் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளை ஊர்வலம் போவதைப் பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். இந்தக் காரில் உருமாலோடு நிமிர்ந்து உட்கார்ந்த பிறகும் மேலே நான்கு விரல் இடம் இருந்தது. இது தற்செயல் அன்று. அந்தக் காலத்தில் கிரைஸ்லர் கம்பெனியின் தலைவராக இருந்த கே. டி. கெல்லர், தொப்பி போட்ட மனிதன் தொப்பியைக் கழற்றாமல் ஏறி உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். போட்டிக் கம்பெனிகள் காரைத் தாழ்வாகவும் நீளமாகவும் ஆக்கிக்கொண்டிருந்தபோது கிரைஸ்லர் கார்கள் உயரமாகவே நின்றன. அமெரிக்காவில் அந்த உயரம் விற்பனையைக் கெடுத்தது என்பார்கள். 1955 மாடலில்தான் அந்த உருவத்தை முழுதாக மாற்றினார்கள். உருமால் கட்டிய மாப்பிள்ளைக்குக் கெல்லரின் பிடிவாதமே வசதி. ஆகவே பிளைமவுத் எடுப்பதென்றால் 1949 முதல் 1954 வரையிலான உயரக் கூரை வண்டிதானா என்று கேட்டு எடுக்கவும்.

இந்தப் பிராண்டு வந்ததும் போனதும் எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாடகை பேசுவதற்கே அது தேவைப்படுகிறது. வால்டர் கிரைஸ்லர் 1928 ஜூலையில், ஃபோர்டும் செவர்லேயும் ஆண்டுகொண்டிருந்த மலிவு விலைச் சந்தைக்குப் பிளைமவுத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்க விவசாயிகள் கதிர்க்கட்டு கட்டப் பயன்படுத்திய கயிறு ஒன்று இதே பெயரில் அங்கே பிரபலமாக இருந்தது, அந்தப் பெயர் பண்ணையக்காரர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்பதாலேயே தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தக் கம்பெனி வரலாற்றில் சொல்வார்கள். பானெட் முனையில் பாய்மரக் கப்பல் சின்னத்தை வைத்துவிட்டதால் கயிற்றின் கதை மறைந்துபோயிற்று. மலிவு வண்டியாக இருந்தும் முதல் மாடலிலேயே நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்தார்கள். செவர்லேக்கு அது 1936-லும் ஃபோர்டுக்கு 1939-லும்தான் வந்தது. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிரைஸ்லர் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கார்தான். விற்பனையில் மூன்றாம் இடத்தை எட்டிப்பிடித்து, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அதை விடாமல் வைத்திருந்தது.

அப்படிப்பட்ட பிராண்டு சாவதற்கு வெளி எதிரி தேவைப்படவில்லை. கிரைஸ்லரின் குடும்பத்திலேயே டாட்ஜ், டிசோட்டோ, கிரைஸ்லர் என்று பெயர்கள் இருந்தன. ஒரே உடம்புக்கு முன் கிரில்லையும் பெயர்ப் பட்டையையும் மாற்றி வெவ்வேறு ஷோரூம்களில் விற்றார்கள். 1960 மாடலில் டாட்ஜ் டார்ட் காரைப் பிளைமவுத்தின் விலைக்கே இறக்கியதும், அண்ணன் தம்பி இருவரும் ஒரே சந்தையில் ஒரே சரக்கைக் கூவி விற்கிற நிலை வந்தது. டிசோட்டோவை 1960 நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பிளைமவுத்துக்கு அதற்குப் பிறகும் வேலியன்ட், பாரகூடா, ரோட் ரன்னர் என்று நல்ல வண்டிகள் வந்தன. 1983-ன் இறுதியில் வந்த வாயேஜர் குடும்பங்களுக்கான வேன் என்ற புதுச் சந்தையையே திறந்துவிட்டது. ஆனால் அதே வேன் டாட்ஜ் பெயரிலும் கிடைத்தது. 1990-களின் பிற்பகுதியில் பிளைமவுத்துக்கென்று தனியாக இருந்த வண்டி எதுவென்று கேட்டால், மிகச் சிலரே வாங்கிய பிராவ்லரைத் தவிர வேறொன்றையும் சொல்ல முடியாது. 1998-ல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு இணைந்தபோது கணக்குப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் கண்ணில் பட்டது. 1999 நவம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2001 ஜூன் 28 அன்று இல்லினாய் மாகாணத்தின் பெல்விடியர் தொழிற்சாலையில் ஒரு நியான் கார் கடைசிப் பிளைமவுத்தாக வெளியே வந்தது. பிளைமவுத்துக்கென்று யோசித்து வைத்திருந்த பிடி குரூசரும் கிரைஸ்லர் பெயரில் போய்விட்டது. என்னைக் கேட்டால், பிராண்டு செத்தது 2001-ல் இல்லை. டார்ட்டை அந்த விலைக்கு இறக்கிய நாளிலேயே அதன் ஆயுள் ரேகை முடிந்துவிட்டது.

இந்தப் பெயர் மாற்று வியாபாரம் நமக்கு ஒரு விதத்தில் நன்மையாக முடிந்திருக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளைப் பூட்டிக் கொடுத்தது. 1950-களின் நடுவில், உள்நாட்டிலேயே முழுதாகக் கார் செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று அரசு கொள்கை வகுத்தபோது ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. பிரீமியரோ ஃபியட்டோடு சேர்ந்து நிலைத்தது. அதனால் நம் ஊரில் இன்றைக்கு வாடகைக்குக் கிடைக்கும் டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் ஆகியவை பெரும்பாலும் உள்ளுக்குள் பிளைமவுத்தே. வெளிநாட்டு ஏற்றுமதிக்கென்று நெற்றியை மட்டும் மாற்றியவை. பிளைமவுத் கிடைக்காத முகூர்த்தத்தில் இவற்றில் ஒன்றை எடுத்தாலும் குறையில்லை. உரிமையாளர்களும் ஒன்றின் பாகத்தை மற்றொன்றுக்குத் தயங்காமல் போடுகிறார்கள். போதாததற்கு, இந்தப் பக்க-வால்வு எஞ்சினை டாட்ஜ், ஃபார்கோ லாரிகளிலும், அறுவடை இயந்திரங்களிலும் கூடப் பொருத்தி 1970-களின் தொடக்கம் வரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இதற்கான ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் விற்கிறார்கள். வரவழைக்க ஆகும் செலவுதான் இடிக்கும்.

அங்கிருந்து வரவழைக்காததை இங்கே செய்கிறார்கள். இந்தச் சேவையின் உண்மையான தரத்தை நான் பார்த்தது அந்த ஷெட்டின் பின்பக்கத்தில்தான். பம்ப்செட்டும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய கோயம்புத்தூர் லேத் பட்டறைகளும், லாரிக்குப் பாடி கட்டும் சங்ககிரி, நாமக்கல் பக்கத்து டிங்கரிங் ஆட்களும், பஸ் பாடி கட்டும் கரூர்க் குஷன் வேலைக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கடையில் விலைக்குக் கிடைக்காத சாமான் என்பது இவர்களுக்குச் சாமானே இல்லை என்று பொருளாவதில்லை. மேசை மீது ஒரு முழ நீளத்துக்கும் அதிகமான, தட்டையான பித்தளைக் குழாய் ஒன்று கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் வரிசையாகத் துளைகள். எஞ்சின் பிளாக்குக்குள் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் நீளவாக்கில் செருகப்பட்டு, ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கமும் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கும் குழாய் அது. கம்பெனி போட்டது இரும்புத் தகடு. வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறித் துருவேறி உள்ளேயே பொரிந்துவிடும். வெளியே ரேடியேட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்க, பின் சிலிண்டர்கள் மட்டும் காய்ந்து கருகும். பல பழைய பிளைமவுத்களுக்கு "சூடாகிற வண்டி" என்ற கெட்ட பெயர் வந்ததற்கு இந்தக் குழாய்தான் காரணம். பழையதைத் துண்டு துண்டாகப் பிடுங்கி எடுத்து, அளவு பார்த்து, பித்தளைத் தகட்டை மடித்து ஈயம் பற்ற வைத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு ஆட்கள் நடக்கும் வேகத்தில் சித்திரை வெயிலில் போகிற ஊர்வலத்தில், ஃபேன் மெதுவாகவே சுற்றும் நிலையிலும், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவைத் தாண்டவில்லை. பழைய கார் வாடகைக்குப் பேசும்போது, "வாட்டர் டியூப் மாற்றியிருக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்லும் விதத்திலேயே வண்டியைப் பராமரிப்பவரா, பெயிண்ட் மட்டும் அடித்து விடுபவரா என்பது விளங்கிவிடும்.

டிரைவர் அறுபதைத் தாண்டியவர். வண்டியை விட அவருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம் என்று தோன்றியது. இடது பக்க வீல் போல்ட்டுகளில் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளின் பழைய வழக்கம் அது. டயரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஸ்பேனரை எடுத்ததும், "ஏனுங் தம்பி, அந்தப் பக்கம் எல்லாம் உல்ட்டாவுங்க, பலத்தப் போட்டீங்கன்னா போல்ட்டு ஒடிஞ்சு போயிருமுங்க" என்று கையைப் பிடித்தார். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் பிடிக்கிறது; அதனால் மண்டப வாசல் சரிவில் வண்டியை நிறுத்தியபோது அதை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். பெட்ரோல் பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி. கேட்டால், இந்த வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்றார். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அந்தத் தொல்லை கூடியிருக்கிறது, பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் கரைந்து இளகிவிடுகின்றன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று என்று விலாவாரியாக விளக்கினார். கரும்பு விளைகிற நாட்டில் எத்தனாலைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. ஹெட்லைட் வெளிச்சம் அகல் விளக்கு வெளிச்சம்தான்; எஞ்சின் ஓய்வாக ஓடும்போது 6 வோல்ட் டைனமோவால் அதற்கு மேல் கொடுக்க இயலாது. இரவு ஊர்வலம் என்றால் முன்னால் டியூப்லைட் பிடிக்க ஆள் வேண்டும். அலங்காரக்காரர்கள் கொண்டுவரும் எல்இடி சரங்களை இந்த பேட்டரியில் இணைக்கவே கூடாது. அவை 12 வோல்ட். தவிர, இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக, இந்த வண்டியில் பாடியில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை. உரிமையாளர் இதற்கென்று டிக்கியில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏசி கிடையாது. பட்டுச் சேலையும் நகையும் மாலையுமாகப் பெண்ணைப் பகல் பதினொரு மணிக்கு உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் வாடிப்போய்விடுவாள். திரும்பி வரும் பயணம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் அதற்கு வேறு வண்டி வைத்துக்கொள்வதே நல்லது. நான்கு வழிச் சாலையில் இதைக் கொண்டுபோகவும் நான் சம்மதிக்க மாட்டேன். பிரேக் தன் காலத்துக்கு நல்ல பிரேக்தான், இருந்தாலும் சேலம்-கொச்சி சாலையில் திடீரென்று குறுக்கே நிறுத்துகிற இன்றைய கார்களுக்குப் பின்னால் போக ஏற்ற பிரேக் அன்று. மாலையையும் பூச்சரத்தையும் ஒட்ட அலங்காரக்காரர்கள் டேப் பயன்படுத்துவதை உரிமையாளர் அனுமதிப்பதில்லை. நூலில் கட்டச் சொல்கிறார், அதனால் அலங்காரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. பெயிண்டைப் பார்த்த பிறகு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு இடத்திலும் விசாரித்தேன். அங்கே அதே மாதிரி உடம்புள்ள ஒரு வண்டி 9,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சின். பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒரு காலத்தில் டாக்சிக்காரர்கள் இப்படி மாற்றினார்கள். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே கொடுக்கும் வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கு அது ஒத்துவராது. நாதஸ்வரத்துக்கு மேலாக அதன் தடதடப்பு கேட்கிறது, நின்ற இடத்தில் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது, புகை நேராகப் பின்னால் நடந்துவரும் பெண்டுகள் மீதுதான் போகிறது. 6,000 ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பழைய அம்பாசடரை எடுக்கலாம். அதற்கு அதுவே மேல்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது பதிவு எண். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடங்களுக்கு மேலான, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வாடகைத் தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்க முடியும். தனியார் பதிவில் இருக்கிற வண்டியையும் பர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நடு ரோட்டில் மாப்பிள்ளையோடு வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் யாருக்கும் மரியாதையாக இருக்காது. ஆகவே ஆர்சி, இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றையும் முன்பணம் கொடுக்கும்போதே காட்டச் சொல்ல வேண்டும். பிளைமவுத்தின் உரிமையாளர் நாங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தார்; மற்ற இடத்தில், "அதெல்லாம் நம்ம ஊருக்குள்ளதானுங்க, யாரு கேக்கறாங்க" என்ற பதில் வந்தது. விலை வித்தியாசத்தில் பாதி இதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பேசிய நேரத்துக்கு அரை மணி முன்பே வந்தார்கள், முகூர்த்தம் தள்ளிப்போன முக்கால் மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கேட்கவில்லை, மாப்பிள்ளையின் தாத்தாவை ஏற்றி ஒரு சுற்று காட்டச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். முன்பணம் பாதி, மழை வந்து ஊர்வலம் நின்றாலும் அது திரும்பக் கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வண்டியைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டு பேச விரும்புகிறவர்கள் ஆடியிலோ மார்கழியிலோ ஷெட்டுக்குப் போவது நல்லது. கல்யாணம் இல்லாத அந்த மாதங்களில்தான் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிறார்கள். கேட்டால் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறார்கள்.